பூட்டும் திறப்பும்

கேள்வி: சோல்பரிப் பிரபுவை நம்மவர் இன்னும் திட்டுவது நியாயமா? (வாசகர் ஒருவர், சுன்னாகம்)

பதில்: முக்கால்வாசி நியாயம். 1945இல் தமிழர் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம், இலங்கையின் அரசியல் யாப்புக்காக வந்த அவருடைய ஆணைக்குழுவிடம், சட்டசபையில் பாதி இடங்கள் சிறுபான்மையினருக்கு என்ற ஐம்பதுக்கு ஐம்பதைக் கேட்டார். குழுவோ, பின்னர் யாப்பின் 29ஆம் பிரிவான பாதுகாப்பே போதும் என்றது. ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கும் சட்டம் இயற்றக்கூடாது என்பது அதன் சாரம். பூட்டு நல்ல பூட்டுத்தான். திறப்பைத்தான் பெரும்பான்மையின் கையில் கொடுத்துவிட்டார்கள். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை போனது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயும் பயனில்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1972இல் புதிய யாப்புக் கொண்டுவந்து பூட்டையே கழற்றி எறிந்தார்கள்.

மீறியவர்களை விட்டு எழுதியவரை நோவதா என்று கேட்பீர்கள். பிரபுவே அப்படித் தப்பிக்கவில்லை. இந்தியாவைப்போல அடிப்படை உரிமைகளையும் சேர்த்திருக்க வேண்டும் என்று, 1963இல் வெளிவந்த பார்மரின் இலங்கை பற்றிய நூலுக்கு எழுதிய முன்னுரையில் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காகத்தான் கால்வாசியைக் கழித்தேன்.

அவருடைய மூத்த மகனோ கொழும்புத்துறை யோகர் சுவாமிக்குச் சீடராகிச் சந்தசுவாமி ஆனார். தகப்பன் நமக்கு ஒரு யாப்புத் தந்தார். நாம் மகனுக்கு ஒரு குருவைத் தந்தோம். இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஏமாந்தது யார் என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள்!