எலுமிச்சை லாரியும் எல்லைக்கோடும்

கேள்வி: எலுமிச்சை ஏற்ற சொந்த லாரி வாங்கியிருக்கிறேன். ஆரியங்காவு எல்லையைத் தாண்டிக் கேரளம் போக, அங்கேயும் பதிவு செய்ய வேண்டுமா? (வாசகர், புளியங்குடி)

பதில்: வேண்டாம். மாலை மாற்றியது தமிழ்நாட்டில் என்றால், கேரளத்தில் போய் இன்னொரு தாலி கட்ட வேண்டியதில்லை! இங்கே எடுத்த ஆர்.சி. இந்தியா முழுக்கச் செல்லும். எல்லை தாண்டக் கேட்பது பெர்மிட்.

நாடு முழுக்க ஓட்ட நேஷனல் பெர்மிட் இருக்கிறது. முன்பு அது வேண்டும் என்றால் மாநிலங்களைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பணம் கட்ட வேண்டும். 2010-இல் அது மாறி, ஒரே தொகையாகிவிட்டது. இப்போது ஆண்டுக்கு 16,500 ரூபாய், அங்கீகாரக் கட்டணம் 1,000 ரூபாய். பெர்மிட் விவரத்தை வண்டியின் முன்னும் பின்னும் பெரிதாக எழுத வேண்டும். சாதாரண லாரிக்கு 12 வயதோடு இந்த பெர்மிட் முடிந்துவிடும். பழைய வண்டி வாங்கியிருந்தால் இன்றே ஆர்.சி.யைப் புரட்டிப் பாருங்கள். வாங்கிய பிறகு அழுதவர்கள் உண்டு.

கேரளம் மட்டும் போதுமா? மாநில பெர்மிட்டில் கேரளத்தின் மேலொப்பம் வாங்கும் வழியும் இருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத குட்டி வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் பெர்மிட்டே கேட்பதில்லை. இன்ஷூரன்ஸ், எஃப்.சி. மட்டும் உயிரோடு இருக்கட்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். கொல்லத்தில் காய் இறக்கிவிட்டு, அங்கிருந்து நம்மூருக்கு லோடு ஏற்றி வரலாம். கொல்லத்தில் ஏற்றி எர்ணாகுளத்தில் இறக்கக் கூடாது. அது கேரள வண்டிகளின் பிழைப்பு. நேஷனல் பெர்மிட் விதியே தடுக்கிறது.