கைதட்டலும் காலடியும்

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவில் தீப்பந்தக் கம்பு சுற்றி, ஓடு உடைத்து என் மகன் கைதட்டல் வாங்கினான். பக்கத்து வீட்டுப் பையனோ ஆசானிடம் அடிமுறை என்னும் தற்காப்புக் கலை பழகுகிறான். இன்னும் சுவடு எனும் காலடிதான் வைத்துக்கொண்டிருக்கிறான். எது உண்மையான கலை?
- ஒரு தந்தை, தக்கலை

பதில்: உங்கள் மகனுக்கு என் கைதட்டலும் உண்டு. அலங்கார வீச்சு சிலம்பத்தின் அழகான ஒரு பகுதி. ஆனால் ஓடு நகராது, ஏமாற்றாது, உடைவதற்கென்றே காத்து நிற்கும். எதிராளி அப்படி நிற்பானா? அவன் முன்னால் உதவுவது பக்கத்து வீட்டுப் பையன் வைக்கும் அந்தச் சுவடுதான். ஒற்றைச் சுவடு, கூட்டுச் சுவடு, பூட்டு, பிரிவு, குறுவடி, நெடுவடி என்று அந்தப் பாதை நீளம். கடைசியில்தான் உடலின் உயிர்நிலைகளைப் பற்றிய வர்மம், அதையும் நம்பிக்கையான மாணவனுக்கே ஆசான் சொல்லித் தருவார். தொடுவர்மம் 96, படுவர்மம் 12 என்பது நம் மரபுக் கணக்கு.

நாஞ்சில் நாட்டு ஆசான்கள் பலர் வைத்தியர்களும்கூட. அடிக்கத் தெரிந்தவனுக்கு, அடிபட்டவனை மீட்கும் அடங்கலும் தடவலும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இங்குள்ள ஒழுங்கு. என் மதிப்பில் இந்தக் கலையின் பெருமையே இதுதான். மேடை நிகழ்ச்சியில் இதற்கு இடமே இல்லை.

1996-இல் ‘இந்தியன்’ வர்மத்தையும், 2020-இல் ‘பட்டாஸ்’ அடிமுறையையும் திரையில் காட்டின. ஆர்வம் பிறந்தது, நல்லதே. அந்த ஆர்வம் களரி மண்வரை வர வேண்டும். மகனின் மேடையை நிறுத்தாதீர்கள். விடியற்காலையில் அவனையும் அந்த ஆசானிடம் அனுப்புங்கள்.