ராத்திரிக்கு வெண்ணெய்

யெல்லோநைஃப், கனடா

அன்புள்ள அக்காவுக்கு,

"சூடாகச் சாப்பிடு, கொழுப்புப் பண்டத்தைத் தொடாதே" என்று எழுதியிருந்தாய். முதலாவது இங்கே நடக்காது. தட்டிலிருந்து வாய்க்கு வருவதற்குள் ஆறிவிடுகிறது. இரண்டாவதைக் கடைப்பிடித்தால் உன் தம்பி ஊர் திரும்ப மாட்டான்.

போன சனி, ஞாயிறு கூட வேலை பார்க்கிறவர்களோடு கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கினேன். மைனஸ் 30 டிகிரி. இதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ஓய்வு. முட்டை கல்லாகிவிட்டது. சாக்லேட்டைக் கடித்தால் பல்தான் உடையும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்துகிறார்கள். மேலிருந்துதான் உறையும் என்பதால், நிமிர்த்தினால் மூடிப் பக்கம் குடிக்கத் தண்ணீர் இருக்கும். படுக்கப் போகுமுன் ஆளுக்கொரு துண்டு வெண்ணெய் வெட்டிக் கொடுத்தார்கள். ரொட்டி இல்லை, சர்க்கரை இல்லை, வெறும் வெண்ணெய். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால் கொழுப்பில் 9. விடிய விடிய உடம்புச் சூடு குறையாமலிருக்க அது வேண்டுமாம். இந்த ஊரில் பிறந்திருந்தால் கண்ணனை யாரும் உரலில் கட்டியிருக்க மாட்டார்கள்.

"முயல்தான் ஓடுகிறதே, அதைப் பிடித்துத் தின்றால் என்ன?" என்று கேட்டேன். சிரித்தார்கள். முயலில் கொழுப்பு சொற்பம். அதையே நம்பியிருந்தால் வயிறு முட்டத் தின்றாலும் பசி அடங்காது. தலைவலி, வயிற்றுப்போக்கு, அப்புறம் ஆளே போய்விடலாம். 'முயல் பட்டினி' என்றே இதற்குப் பெயர். ஸ்டெஃபான்சன் என்ற துருவப் பயணி 1928-இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் டாக்டர்கள் கண்ணெதிரே இறைச்சி மட்டுமே தின்று காட்டினார். கொழுப்பில்லாத கறியைக் கொடுத்ததும் சுருண்டு படுத்தார், கொழுப்பைச் சேர்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். இதை அத்தானிடம் சொல். அவருடைய டாக்டரிடம் சொல்லாதே.

பெமிக்கனும் தின்றேன். காட்டெருமைக் கறியை மெல்லிசாகச் சீவிக் காயவைத்து, இடித்து, உருக்கிய கொழுப்பை ஊற்றிப் பிசைந்து அடைத்து வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. உப்புக்கண்டத்தை மெழுகுவர்த்தியில் தோய்த்ததுபோல இருந்தது. 1814-இல் ரெட் ரிவர் குடியேற்றத்தின் கவர்னர் இதை வெளியே கொண்டுபோகத் தடை போட்டார். தோல் வியாபாரக் கம்பெனிகளின் பகை அதில் முற்றி, 1816-இல் துப்பாக்கிச் சண்டை வரைக்கும் போனது. அந்த ருசிக்காகச் செத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கம்பெனிகளுக்குப் படகு வலித்தவனுக்கு வேறு சோறு கிடையாது.

இனி சொல்வதைச் சாப்பிடும்போது படிக்காதே. இந்த ஊருக்கு வடக்கே ஃபோர்ட் என்டர்பிரைஸ் என்று ஓரிடம். 1821-இல் ஜான் ஃபிராங்க்ளின் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியின் கூட்டம் உணவில்லாமல் அங்கே மாட்டிக்கொண்டது. பாறையில் ஒட்டிக் கிடந்த கறுப்புப் பத்தைகளைச் சுரண்டி வேகவைத்துத் தின்றார்கள். அது வேறெதுவும் இல்லை, நீ பிரியாணியில் போடும் கல்பாசிக்குத் தூரத்துச் சொந்தம். தண்ணீரை மாற்றி மாற்றி வேகவைக்காவிட்டால் வயிற்றைப் பிடுங்கும். அதுவும் போதாமல் பழைய செருப்புத் தோலையும் தின்றார்கள். 11 பேர் செத்தார்கள். மிச்சப் பேரைப் பிழைக்க வைத்தவர்கள், நவம்பரில் கறியோடு வந்த அகாய்ச்சோ என்ற தலைவரின் ஆட்கள்தான். இந்த ஊரின் பெயரே அந்த மக்களுடையது. லண்டனில் என்னவோ, செருப்பைத் தின்றவருக்குத்தான் புகழ்.

அடுத்த தடவை மூஸ் மூக்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூஸ் என்றால் குதிரை உயரத்துக்கும் மேலான மான். மூக்கின் மயிரைப் பொசுக்கி, வேகவைத்து, தோலுரித்து, வெங்காயம் போட்டு மறுபடி வேகவைத்து ஆறவிட்டால் ஜெல்லியாக உறையுமாம். விருந்தாளிக்கு முதல் துண்டு. மறுக்கக் கூடாதாம். மிளகாய்ப்பொடி கொஞ்சம் தாராளமாக அனுப்பு.

இப்படிக்கு,
உன் தம்பி