தரை தட்டும் வீரம்

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக் 1990இல் திறந்தது, வழவழப்பான தார். அதற்காகவே நம்ம பிள்ளைகள் வேலூர் லேத் பட்டறையில் குழாய்க்கு மரை போட்டு, ஷாக் அப்சார்பர் மேல் ஸ்பிரிங்கை ஏற்றி ‘காயில் ஓவர்’ செய்கிறார்கள். தப்பில்லை, கோவையில் கரிவரதன் ரேஸ் காரையே கட்டினார். ஆனால் மரையைத் திருகினால் உயரம்தான் குறையும். ஸ்பிரிங்கின் விறைப்புக்கேற்ப ஷாக்குக்குள் எண்ணெய் ஓடும் வழியையும் மாற்றாவிட்டால் கார் தவளைதான்.

ட்ராக்குக்கு எப்போதோ ஒருநாள். மற்ற ஞாயிறெல்லாம் குடும்பத்தோடு அமிர்தி அருவி. வண்டியை மாற்றியமைக்கத் தடைபோடும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி யாராவது மறிப்பதற்குள் வேகத்தடையே மறித்துவிடுகிறது. அப்பா இறங்குகிறார், அம்மா இறங்குகிறார், புளிசாதத் தூக்கும் இறங்குகிறது. சைலன்சர் உரச, கார் மட்டும் ஏறுகிறது. பின்னாலேயே வந்த டவுன் பஸ், பட்டை வில்லோடு, ஹாரன் அடித்துத் தாண்டிப் போகிறது.