மதுவும் மானிய வண்டியும்

கேள்வி: குடித்தவர்களை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அரசாங்கமே வண்டிச் சத்தத்தில் ஒரு பங்கைக் கொடுத்தால் விபத்துகள் குறையுமா, குடிதான் பெருகுமா?

பதில்: விபத்துகள் குறையும், ஆனால் வண்டி மதுச்சாலை வாசலில் காத்திருந்தால் போதாது, வீட்டு வாசலுக்கே முதலில் வர வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக் கிராமப் பிரதேசங்களில் 2002-ஆம் ஆண்டு ‘ரோடு க்ரூ’ என்ற திட்டத்தைத் தொடங்கிய பேராசிரியர் மைக்கேல் ராத்ஸ்சைல்டும் அவருடைய சகாக்களும், 21 முதல் 34 வயது வரையிலான வாலிபர்களையே முக்கியமாகக் கருத்தில் கொண்டு, தன் காரில் குடிக்கப் போனவன் அதை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பச் சம்மதிக்கமாட்டான் என்ற சூட்சுமத்தைக் கிரகித்து, பழைய சொகுசுக் கார்களை அமர்த்தி, சொற்பக் கட்டணத்தில் வீட்டிலிருந்து மதுச்சாலைக்கும், அங்கிருந்து அடுத்த மதுச்சாலைக்கும், கடைசியில் வீட்டுக்கும் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தார்கள். மது சம்பந்தமான விபத்துகள் இதனால் 17 சதவிகிதம் குறையும் என்று மதிப்பிட்ட அவர்களுடைய ஆய்வு, குடிப்பழக்கம் அதிகரிக்கவில்லை என்பதையும், விபத்துக்குப் பின் நேரும் செலவைவிட வண்டிச் செலவு மிகக் குறைவு என்பதையும் கண்டது.

பொதுப்பணத்தில் குடிகாரனுக்கு உபசாரமா என்று கோபிப்பவர்கள் உண்டு. அந்தக் கோபம் இயல்பானதே. ஆயினும் அவ்வண்டி காப்பாற்றுவது உள்ளே இருப்பவனை மட்டுமா? ஒரு துளியும் அருந்தாமல், குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எதிரே வருகிறாளே ஒரு தாய், அவளையும்தான். குடித்துவிட்டு ஓட்டுபவர்களுக்கான சோதனையையும் தண்டனையையும் தளர்த்தாமல், மானியத்தையும் தாராளமாகக் கொடுப்பதே விவேகம்.