மேலே போயிருக்கு

"தம்பி, ஃபைல் மேலே போயிருக்கு."

சொல்லும்போது, எங்களுக்கு லைசென்ஸ் வாங்கித் தரும் கன்சல்டன்ட் அண்ணனின் ஆள்காட்டி விரல் என் அறைக் கூரையைக் காட்டும். ஆரம்பத்தில் நானும் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பார் வைத்த ஓட்டலில் குப்பை கொட்டும் எவருக்கும் இந்த விரலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

மேலே என்றால் எங்கே? காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸா, சேப்பாக்கம் எழிலகமா? "மேலேன்னா மேலேதான் தம்பி." மேலே லீவு, மேலே மீட்டிங், மேலே ஒரு சின்ன கொயரி. ஃபீஸ் பேசும்போது மட்டும் அந்தச் சொல் வேறு வேட்டி கட்டிக்கொள்ளும்: "பேசினதுக்கு மேலே கொஞ்சம் ஆகும்."

ரகசிய மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கே உரக்கச் சொன்ன ராமானுஜர் அவதரித்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். அதே ஊர்க்காரரான நம் அண்ணன், ஃபைல் எந்த மேஜையில் இருக்கிறது என்பதைப் பணம் கொடுத்தவனுக்குக்கூட உபதேசிக்க மாட்டார்.

கச்சேரிக்காரர்களுக்கு மார்கழி என்றால் அண்ணனுக்கு மார்ச். எஃப்எல்-2 என்கிற மனமகிழ் மன்றமோ, எஃப்எல்-3 என்கிற நட்சத்திர ஓட்டலோ, லைசென்ஸின் ஆயுசு மார்ச் 31 வரைதான். பிப்ரவரியிலேயே அண்ணன் பச்சை ரெக்சின் பையோடு வந்து, உப்புப் போட்ட லெமன் சோடா கேட்டு உட்காருவார். வேறெதுவும் தொட மாட்டார். பீர் வாசனைக்கே தும்முவார். 1981ஆம் வருடத்து மதுபான விதிகளை சஷ்டி கவசம் மாதிரி ஒப்பிப்பவருக்கு அந்த மதுபானம் மட்டும் ஆகாது.

ஒரு வருடம் ஏப்ரல் முதல் தேதி வந்துவிட்டது, லைசென்ஸ் வரவில்லை. பாரைப் பூட்டினேன். கார் கம்பெனி வேலையாக வந்து மூன்று மாதமாக எங்களிடம் தங்கியிருந்த கொரியாக்காரர் ஒருவர், ஷிஃப்ட் முடிந்து வந்து பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கப் பார்த்தும் பிடிபடாமல், கடைசியில் அண்ணனின் விரலையே கடன் வாங்கி மேலே காட்டினேன். மனிதர் முகம் மலர்ந்து லிஃப்ட் ஏறிவிட்டார். பத்து நிமிடம் கழித்து இறங்கி வந்து, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது என்று வருத்தமாகச் சொன்னார்.

2023 ஏப்ரல் 24 அன்று அண்ணன் ஓடியே வந்தார். எஃப்எல்-12 என்று புது லைசென்ஸ், கல்யாண மண்டபத்துக்கே உண்டாம். "தம்பி, மண்டபமெல்லாம் இனிமே நம்ம மண்டபம்." சோடா வந்து நுரை அடங்குவதற்குள் ஊரெல்லாம் எதிர்ப்பு. அன்றைக்கே மண்டபத்தை விதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மீதி விவகாரம் ஐகோர்ட் வரை போனது. அண்ணன் மீதி சோடாவைக் குடித்துவிட்டு, "மேலே அவசரப்பட்டுட்டாங்க" என்றார்.

அவர் கீழே பார்த்து நான் கண்டது 2017இல் மட்டும்தான். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. கடைக்குத்தானே என்று இருந்தோம். மார்ச் 31 அன்று, ஓட்டல் பாருக்கும் சேர்த்துத்தான் என்று விளக்கம் வந்தது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலை ஓரத்தில், உச்சி வெயிலில், கர்ச்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டு அண்ணன் டேப்பை இழுத்தார். ஒரு முனையை நான் பிடித்தேன். மூன்று தடவை அளந்தும் எங்கள் பார் 500 மீட்டருக்கு அந்தப் பக்கம் நகரவில்லை. "அடுத்த லாரியில ஏத்தித்தான் தள்ளி வைக்கணும்" என்றார். அன்றைக்கு அவர் காசு கேட்கவில்லை. சோடாவும் கேட்கவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் மன்னிக்க முடியுமா? அந்தக் கொரியா சம்பவத்துக்குப் பிறகு பொறுக்காமல் நானே ஆபீஸுக்கு நேரில் போய் விசாரித்தேன். ஐந்தே நிமிடம். தீயணைப்புத் துறை சான்று காலாவதியாம். பிப்ரவரியிலேயே உங்கள் ஆளிடம் சொல்லிவிட்டோமே என்றார்கள். ஃபைல் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. ஒரு தாளுக்காக அந்தப் பச்சைப் பையிலேயே கிடந்திருக்கிறது. என்னிடம் சொல்லியிருந்தால் இரண்டே நாளில் கொடுத்திருப்பேன். சொன்னால் அவர் எதற்கு என்று நான் கேட்டுவிடுவேனோ என்ற பயம். பாரில் வேலை பார்த்த ஒன்பது பையன்கள் பதினோரு நாள் டிப்ஸ் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

லைசென்ஸ் வந்த அன்று அண்ணன் அதை மேஜையில் வைத்து, சோடாவை உறிஞ்சி, கூரையைப் பார்த்துக் கும்பிட்டார். "அடுத்த மார்ச்சுக்கு இப்பவே மேலே ஒரு வார்த்தை போட்டு வெச்சிடறேன்." கன்சல்டன்சி ஃபீஸுக்குக் கீழே, "பேசினதுக்கு மேலே" ஆன தொகைக்கும் வவுச்சர் போட்டாக வேண்டும். எதற்கென்று எழுதுவது என்று அக்கவுண்டன்ட் பேனாவோடு நின்றார். நான் யோசிப்பதற்குள் அவரே எழுதிவிட்டார்: மேற்படி.