ஸ்டீவ் ஹாரிஸ் பேட்டையிலிருந்து

ஈஸ்ட் ஹாம், லண்டன்
ஜூலை 2025

அன்புள்ள அண்ணா,

அம்மா கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்தது. மூடி வழியிலேயே திறந்துகொண்டதால், கூட வந்த வேட்டியையும் இப்போது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

போனில் ஒரு பஞ்சாயத்து வைத்தீர்களே. அயர்ன் மெய்டன் ஆல்பங்களில் 'ஃபியர் ஆஃப் தி டார்க்'தான் நம்பர் ஒன் என்று உங்கள் பிள்ளை அடித்துப் பேசுகிறானாம். "நீ அவங்க ஊர்லயே இருக்கே, தீர்ப்பு சொல்லு" என்றீர்கள். சொல்கிறேன். அவன் சாப்பிட்டு முடித்த பிறகு படித்துக் காட்டுங்கள்.

அவர்கள் ஊர் என்பது உண்மைதான். குழுவின் பேஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹாரிஸ் பிறந்த லேட்டன்ஸ்டோன் இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம். 1975 கிறிஸ்துமஸ் அன்று குழுவைத் தொடங்கி, ஆரம்ப நாட்களில் அவர்கள் வாசித்த 'கார்ட் அண்ட் ஹார்சஸ்' பப் பக்கத்து ஸ்ட்ராட்ஃபோர்டில். ஆனால் எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள்! வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், இங்கேயே தலை நரைத்தவர். "அயர்ன் மெய்டனோ? அது இரும்புச் சாமான் கடையே தம்பி?" என்றார். நம் ஊர் ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் கறுப்பு டி-ஷர்ட் போட்ட பையனை நிறுத்திக் கேட்டால் எந்த வருஷம் எந்த டிரம்மர் என்று ஒப்பிப்பான்.

மொத்தம் பதினேழு ஸ்டூடியோ ஆல்பம், 1980 முதல் 2021 வரை. கடைசி இடம் 'விர்ச்சுவல் லெவன்', 1998. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அதைப் பாடிய பிளேஸ் பெய்லியே பாடிய 'தி எக்ஸ் ஃபாக்டர்' பாவம், எல்லோரும் அதையும் சேர்த்துக் கழித்துக்கட்டுகிறார்கள். நான் பத்தாவதாக வைக்கிறேன். 1990-இல் ஹாரிஸ் வீட்டுக் களஞ்சியத்தில் பதிவுசெய்த 'நோ பிரேயர் ஃபார் தி டையிங்' பதினாறு. இந்த நாட்டு சிங்கிள்ஸ் பட்டியலில் அவர்கள் முதலிடம் பிடித்தது ஒரே ஒரு பாட்டுக்குத்தான். அது இந்த ஆல்பத்துப் பாட்டு. மக்கள் தீர்ப்பை நான் நம்பாததற்கு இது போதும்.

'ஃபியர் ஆஃப் தி டார்க்' (1992) பதினொன்று. பையன் கொதிப்பான். அந்தத் தலைப்புப் பாட்டை விட்டுவிட்டு மீதிப் பதினொரு பாட்டின் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் ஒரு படி ஏற்றித் தருகிறேன்.

ஐந்தாவது 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்'. இதில் நான் நடுநிலை இல்லை. 2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ், இந்தியாவில் அவர்களுடைய முதல் கச்சேரி. அப்போது இதுதான் புது ஆல்பம். குழுவின் சின்னமான எடி பொம்மை, ஹுஸ்கூர் மத்தூரம்மா கோயில் தேர் வருகிற மாதிரி, தலைகளுக்கு மேலே ஆடிக்கொண்டு வந்ததே! நீங்கள் கை எடுத்துக் கும்பிட்டதை அண்ணியிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் வராத காலம். வீடு திரும்பும்போது சந்தாபுரத்துக்கு அந்தப் பக்கம் வண்டியே இல்லை. காது அடைத்துப்போய் இருவரும் கத்திப் பேசிக்கொண்டே நடந்து வந்ததில் வழியெல்லாம் நாய்கள்.

மூன்றாவது 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்', 1982. பாடகர் புரூஸ் டிக்கின்சன் சேர்ந்ததும் வந்த முதல் ஆல்பம். சாத்தான் சமாசாரம் என்று அமெரிக்காவில் பக்திமான்கள் ரெக்கார்டுகளைக் கொளுத்தினார்கள். நம் அம்மா அந்த டி-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிக் கொடியில் காயப்போட்டதோடு சரி. இரண்டாவது 'செவன்த் சன் ஆஃப் எ செவன்த் சன்'.

முதலிடம் 'பவர்ஸ்லேவ்', 1984. காரணம் உங்கள் பட்டறைதான். தறி ஓடும்போது டேப் ரெக்கார்டரில் மற்ற எவன் பாட்டைப் போட்டாலும் வாயசைப்புத்தான் மிச்சம். ஹாரிஸின் பேஸ் கிட்டார் மட்டும் தறியை மீறிக் கேட்டது. அதில் கோல்ரிட்ஜ் கவிதையை வைத்துச் செய்த மாலுமிப் பாட்டு பதின்மூன்று நிமிஷத்துக்கு மேல். அறுந்த இழை எல்லாவற்றையும் நீங்கள் முடிச்சுப் போட்டு நிமிர்ந்தாலும் மாலுமி கரை சேர்ந்திருக்க மாட்டான்.

ஜூன் 28 லண்டன் ஸ்டேடியம் கச்சேரிக்குப் போனேன். 1980 முதல் 1992 வரையிலான ஒன்பது ஆல்பங்களிலிருந்து மட்டும் வாசித்தார்கள். என் ஐந்தாம் இடத்துக்கு ஒரு பாட்டுகூட இல்லை. 'ஃபியர் ஆஃப் தி டார்க்' வந்ததும் ஸ்டேடியம் மொத்தமும் எழுந்து பாடியது. இதைப் பையனுக்குப் படிக்க வேண்டாம். போனில் படம் பிடிக்காதீர்கள் என்று குழுவே கேட்டுக்கொண்டதால் அவனிடம் சாட்சியும் இருக்காது.

அந்தக் கூச்சலில் பின்னாலிருந்து ஒரு கன்னடக் குரல்: "குரு, ஸ்வல்ப சைடு." பெங்களூர் ஜெயநகர்க்காரன்! 'பீஸ் ஆஃப் மைண்ட்'தான் முதலிடம் என்கிறான். ஸ்ட்ராட்ஃபோர்ட் ஸ்டேஷன் வரை சண்டை. ரயில் வந்தும் முடியவில்லை. மிச்சத்தை முடிக்க ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். ராகி முத்தே வேண்டுமாம். ஊரிலிருந்து அடுத்து யார் வந்தாலும் இரண்டு கிலோ ராகி மாவு கொடுத்துவிடுங்கள். இது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தீர்கிற வழக்கு இல்லை.

அன்புடன்,
தம்பி